ஸ்பெக்ட்ரம் எமுலேட்டருக்குள்ள நம்ம ஃபைலை டேப் வழியா ஏத்துறது எப்படி? அடிக்கடி வர்ற கேள்விகள்

ஜெட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர் போட்டாச்சு, டவுன்லோட் பண்ண கேம் எல்லாம் ஓடுது, ஆனா நான் வரைஞ்ச படத்தை, நான் எழுதுன ப்ரோக்ராமை உள்ள எப்படி கொண்டுபோறது? இந்த ஒரு கேள்விதான் வேற வேற ரூபத்துல என்கிட்ட வந்துக்கிட்டே இருக்கு, அதனால எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே இடத்துல எழுதிடுறேன். மெஷின் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி: 1982 ஏப்ரல்ல இங்கிலாந்துல சின்க்ளேர் ரிசர்ச் வெளியிட்ட வீட்டு கம்ப்யூட்டர், இசட்80 ப்ராசஸர், 3.5 மெகாஹெர்ட்ஸ், 16கே இல்லன்னா 48கே மெமரி. டிஸ்க் கிடையாது. சேமிக்கணும்னா வீட்டுல பாட்டு கேக்குற கேசட் ப்ளேயர்தான். எமுலேட்டர்ங்கிறது நம்ம இன்னைக்கு கம்ப்யூட்டர்ல அந்த மெஷின் மாதிரியே நடிக்கிற ப்ரோக்ராம்.

ஃபைலை இழுத்து எமுலேட்டர் மேல போட்டா போதாதா, எதுக்கு டேப்?

போட்டா எமுலேட்டர் அதை டேப்பாவோ ஸ்னாப்ஷாட்டாவோ எடுத்துக்கப் பாக்கும், அது ரெண்டும் இல்லன்னா தூக்கிப் போட்டுடும். ஏன்னா உள்ள இருக்கிற மெஷினுக்கு ஃபைல்னா என்னன்னே தெரியாது, ஃபோல்டர் தெரியாது, தேதி தெரியாது, எக்ஸ்டென்ஷன் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் காது சாக்கெட்ல வர்ற சத்தம் ஒண்ணுதான். எமுலேட்டர் அந்த சாக்கெட்டை அப்படியே வச்சிருக்கு, அதுல மாட்ட ஒரு பொய் கேசட் கொடுக்குது, அவ்வளவுதான். அதனால "ஃபைலை காப்பி பண்றேன்"னு நினைக்காம "ஒரு கேசட் ரெக்கார்ட் பண்ணித் தர்றேன்"னு நினைச்சீங்கன்னா பாதிக் குழப்பம் போயிடும்.

ஸ்னாப்ஷாட் இன்னொரு வழி. மெமரியை அப்படியே ஃபோட்டோ எடுத்த மாதிரி. 48கே மெஷினோட எஸ்என்ஏ (ஸ்னாப்ஷாட்) ஃபைல் எப்பவும் 49,179 பைட்தான், மெமரி 49,152, ரெஜிஸ்டர்கள், அதாவது ப்ராசஸர் உள்ள இருக்கிற மதிப்புகள், 27. ஓடிக்கிட்டு இருக்கிறத நிறுத்தி வைக்க அது நல்லது, ஆனா உங்க படத்தை மட்டும் தனியா உள்ள அனுப்ப அது ஆகாது.

டிஏபி ஃபைல், டிஇசட்எக்ஸ் ஃபைல் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதுல செய்யணும்?

ரெண்டுமே அந்த பொய் கேசட்டை ஃபைலா வைக்கிற வடிவங்கள் (.tap, .tzx). நீங்களே செய்யிறதா இருந்தா டிஏபி, கண்ணை மூடிக்கிட்டு. டிஏபில இருக்கிறது வெறும் பைட்டுகள், சத்தம் எப்படி இருக்கணும்னு அதுல ஒரு தகவலும் இல்ல, ஸ்பெக்ட்ரம் ரோம்ல (மெஷினோட நிரந்தர ப்ரோக்ராம்) இருக்கிற சாதாரண சேவ் கொடுத்தா வர்ற சத்தம்தான்னு எமுலேட்டரே முடிவு பண்ணிக்கும். அன்னைக்கு கேம் கம்பெனிங்க காப்பி அடிக்கிறத தடுக்க ஸ்பீட்லாக், அல்காட்ராஸ்னு சொந்த லோடர் (டேப்பை ஏத்துற ப்ரோக்ராம்) வச்சாங்க பாருங்க, வேற வேகம், வேற தொனி, நடுவுல விட்டுவிட்டு வர்ற சத்தம், அதெல்லாம் டிஏபில அடங்காது. அதுக்காக 1997ல வந்தது டிஇசட்எக்ஸ், அதுல ஒவ்வொரு பல்ஸும் எவ்வளவு நீளம், எங்க நிக்கணும்னு எழுதி வைக்கலாம். ஒரிஜினல் கேசட்டை அப்படியே பாதுகாக்க டிஇசட்எக்ஸ். நம்ம வேலைக்கு டிஏபி.

டேப் போட்டுட்டேன், ஒண்ணுமே நடக்கலயே?

டேப்பை மாட்டுறது வேற, ப்ளே அழுத்துறது வேற, லோட் கட்டளை கொடுக்கிறது வேற. மூணும் நடக்கணும். சில எமுலேட்டர் மூணையும் தானே செஞ்சிடும், சிலதுல ஆட்டோ லோட் ஆஃப்ல இருக்கும்.

48கே மெஷின்ல கர்சர் கே எழுத்தா நிக்கும்போது ஜே கீயை ஒரு தடவை அழுத்தினா லோட்னு முழு வார்த்தையும் வந்துடும், எழுத்தெழுத்தா அடிக்கக் கூடாது. அப்புறம் சிம்பல் ஷிஃப்ட் பிடிச்சுக்கிட்டு பி ரெண்டு தடவை, அது ரெட்டை மேற்கோள் குறி, அப்புறம் எண்டர். சிம்பல் ஷிஃப்ட் நம்ம கீபோர்டுல பெரும்பாலும் கண்ட்ரோல்ல இருக்கும். பின்னாடி வந்த 128கே மெஷின்னா மெனுவுல டேப் லோடர்னே இருக்கு, எண்டர் தட்டினா போதும்.

வேலை செய்யுதான்னு பார்டரைப் பாருங்க. முதல்ல சிவப்பும் வெளிர் நீலமும் அகலமான பட்டையா ஓடும், அது முன்னோட்ட ஓசை, மெஷின் காதைத் தீட்டிக்கிற நேரம். அப்புறம் நீலமும் மஞ்சளும் மெல்லிசா நடுங்கும், அதுதான் டேட்டா. பட்டையே வரலன்னா டேப் ஓடல.

முதல் தடவை லோட் ஆச்சு, ரெண்டாவது தடவை அதே கட்டளை கொடுத்தா சும்மா நிக்குது!

ரீவைண்ட் பண்ணுங்க. இதுக்கு இவ்வளவுதான் பதில், ஆனா வர்ற கேள்வில கால்வாசி இதான். பொய் கேசட்டா இருந்தாலும் அதுக்கு ஒரு இடம் இருக்கு, படிச்சு முடிச்ச இடத்துலதான் நிக்கும். எமுலேட்டர் மெனுவுல டேப் பகுதில பிரவுஸ்னு இருந்தா தொறந்து பாருங்க, எந்த ப்ளாக்ல நிக்குதுன்னு காட்டும், வேணும்ங்கிற ப்ளாக்குக்கு நேரா தாவலாம்.

டேப் டூல் எதுவும் இல்லாம நானே ஒரு டிஏபி செய்ய முடியுமா?

முடியும், கண்டிப்பா ஒரு தடவை செஞ்சு பாருங்கன்னு கெஞ்சியே கேப்பேன். ரெடிமேட் டூல் நிறைய இருக்கு, நானும் தினமும் அதைத்தான் யூஸ் பண்றேன், ஆனா ஒரே ஒரு தடவை கையால ஒரு டேப்பை பைட் பைட்டா கட்டிட்டீங்கன்னா அதுக்கப்புறம் எந்த எரர் வந்தாலும் எங்க தப்புன்னு உங்களுக்கே தெரியும், யாரையும் கேக்க வேண்டாம்.

ஒரு படத்தை எடுத்துக்குவோம். ஸ்பெக்ட்ரம் திரை 6,912 பைட், புள்ளிகளுக்கு 6,144, நிறத்துக்கு 768. படம்னு பேர் வைப்போம், இங்கிலீஷ் சின்ன எழுத்துல பி, ஏ, டி, ஏ, எம், அதாவது 112, 97, 100, 97, 109.

டேப்ல ரெண்டு ப்ளாக் வேணும். முதல்ல ஹெடர், அதாவது பேர், நீளம் மாதிரி விவரம், அப்புறம் டேட்டா. டிஏபில ஒவ்வொரு ப்ளாக்குக்கும் முன்னாடி "அடுத்து இத்தனை பைட் வருது"ன்னு ரெண்டு பைட், சின்ன பைட் முதல்ல, அதாவது 256ஆல வகுத்தா வர்ற மீதி முதல்ல, ஈவு அப்புறம். ஹெடர் எப்பவும் 19, அதனால ஃபைலோட முதல் ரெண்டு பைட் 19, 0. அடுத்து இது ஹெடரா டேட்டாவான்னு சொல்ற கொடி பைட், ஹெடர்னா 0. அடுத்து வகை: பேசிக் மொழி ப்ரோக்ராம்னா 0, எண் அரே 1, எழுத்து அரே 2, வெறும் பைட்டுகள்னா 3. நம்ம படம் 3. அப்புறம் பேருக்கு சரியா 10 இடம், நம்ம பேர் 5 எழுத்துதான், மீதி 5 இடத்துல ஸ்பேஸ், அதாவது 32. அப்புறம் நீளம்: 6,912ங்கிறது 27 தடவை 256, அதனால 0, 27. அப்புறம் மெமரில எங்க உக்காரணும்: திரை ஆரம்பிக்கிறது 16,384ல, அதனால 0, 64. அப்புறம் கடைசி ரெண்டு பைட்டுக்கு இந்த வகைல வேலை இல்ல, வழக்கமா 32,768 போடுவாங்க, 0, 128. கடைசியா செக்சம், அதாவது சரிபார்க்கிற பைட்: கொடில இருந்து இதுவரைக்கும் வந்த எல்லா பைட்டையும் ஒண்ணோட ஒண்ணு எக்ஸ்ஆர் பண்ணா (பிட் பிட்டா பாத்து, வேற வேறயா இருந்தா 1, ஒரே மாதிரி இருந்தா 0) வர்றது. நான் சொன்ன இதே பேர், இதே எண்கள் போட்டா 129 வரணும். வந்துச்சுன்னா நீங்க சரியான பாதைல இருக்கீங்க.

டேட்டா ப்ளாக் சுலபம். நீளம் 6,914, ஏன்னா கொடியும் செக்சமும் சேரும், அதனால 2, 27. கொடி 255. அப்புறம் படத்தோட 6,912 பைட், அப்புறம் 255ல ஆரம்பிச்சு எல்லாத்தையும் எக்ஸ்ஆர் பண்ண செக்சம். மொத்த ஃபைல் 6,937 பைட் இருக்கணும், ஒண்ணு கூடக் குறையக் கூடாது. பைத்தான்ல எழுதினா இருபது வரி தாண்டாது.

செஞ்சேன், ஆனா எரர் வருதே?

என்ன வருதுங்கிறத வச்சு எங்க தப்புன்னு சொல்லிடலாம், இதுக்காகத்தான் கையால செய்யச் சொன்னேன்.

படம் முழுசா திரைல வந்து கடைசில டேப் லோடிங் எரர்னு வந்துச்சா? செக்சம் தப்பு. மெஷின் நடுவுல சரிபார்க்காது, கடைசி பைட் வந்த பிறகுதான் கூட்டிப் பாக்கும். கொடி பைட்டை எக்ஸ்ஆர்ல சேர்க்க மறந்திருப்பீங்க. ஹெடர்ல கொடி 0ங்கிறதால சேர்க்காட்டியும் ஒண்ணும் ஆகாது, டேட்டால 255 இருக்கிறதால அங்கதான் மாட்டும். எனக்கு ஒரு ராத்திரி முழுக்க போனது இதுலதான், ஹெடர் சரியா வருது, பேரும் திரைல வருது, படமும் வருது, அப்புறம் எரர், அந்த 255 கண்ணுலயே படல.

பட்டை ஓடுது ஆனா பேரே வரலயா? ஹெடரோட கொடி 0 இல்ல. லோட் கட்டளை ஹெடரைத் தேடும்போது கொடி 0 இல்லாத ப்ளாக்கை ஒண்ணும் சொல்லாம தாண்டிப் போயிடும்.

எமுலேட்டரே டேப் கெட்டுப்போச்சுன்னு சொல்லுதா? நீளத்தோட ரெண்டு பைட்டை முன்னபின்ன மாத்திப் போட்டிருப்பீங்க.

பேர் வருது ஆனா லோட் ஆகாம அடுத்ததைத் தேடுதா? படத்துக்கு வெறும் லோட் போதாது, பின்னாடி கோட்னு சேர்க்கணும். கேப்ஸ் ஷிஃப்ட்டும் சிம்பல் ஷிஃப்ட்டும் சேர்த்து அழுத்தினா கர்சர் இ ஆகும், அப்புறம் ஐ. பேர் போட்டு லோட் பண்றீங்கன்னா பெரிய எழுத்து, சின்ன எழுத்து கூட அச்சு அசலா பொருந்தணும்.

என் ஃபோட்டோவை 6,912 பைட் ஆக்கிப் போட்டேன், கலைஞ்சுபோய் வருது.

ஸ்பெக்ட்ரம் திரை மேல இருந்து கீழ வரிசையா போகாது. திரையை மூணு பட்டையா பிரிச்சு, ஒவ்வொரு பட்டைலயும் முதல்ல எட்டு எழுத்து வரிசையோட முதல் கோடுகள், அப்புறம் ரெண்டாவது கோடுகள்னு போகும், கேம் லோட் ஆகும்போது படம் மடக்கு விசிறி விரிஞ்ச மாதிரி நிரம்புமே, அது இதனாலதான். நிறமும் 8க்கு 8 கட்டத்துக்கு ரெண்டே ரெண்டுதான். அதுக்குன்னு கன்வர்ட்டர்கள் இருக்கு, எஸ்சிஆர் ஃபைலா வாங்கிக்கோங்க, அது அப்படியே 6,912 பைட். இதைக் கையால செய்ய நான் சொல்ல மாட்டேன்.

பேசிக் ப்ரோக்ராமை நோட்பேட்ல அடிச்சு டேப்ல வச்சா ஓடுமா?

ஓடாது. உள்ள ப்ரிண்ட்ங்கிறது அஞ்சு எழுத்து இல்ல, 245ங்கிற ஒரே பைட். எண்கள் இன்னும் மோசம், நீங்க 10னு அடிச்சா அந்த ரெண்டு எழுத்துக்குப் பின்னாடி 14ங்கிற பைட்டும் அதுக்கப்புறம் அதே எண் கண்ணுக்குத் தெரியாத 5 பைட்டாவும் ஒளிஞ்சிருக்கும். வரி எண் மட்டும் பெரிய பைட் முதல்ல, வரியோட நீளம் சின்ன பைட் முதல்ல. இதுக்கு ஜெட்மேக்பாஸ் இல்லன்னா பாஸ்2டாப் யூஸ் பண்ணுங்க, டெக்ஸ்டை கொடுத்தா டிஏபியா தந்துடும், எந்த வரில தானா ஓட ஆரம்பிக்கணும்னும் அதுகிட்ட சொல்லலாம். அந்த எண்தான் ஹெடர்ல படத்துக்கு முகவரி இருந்த இடத்துல போய் உக்காருது, 32,768 இல்ல அதுக்கு மேல போட்டா தானா ஓடாது.

மெஷின் கோட் எழுதுறவங்களுக்கு பாஸ்மோ அசெம்ப்ளர் இருக்கு, அதுவே பேசிக் லோடரோட சேர்த்து டேப் போட்டுத் தரும். ஒண்ணு மட்டும் கவனம், 16கே மெஷின்ல மெமரி 32,767ல முடிஞ்சுடுது, 32,768ல ஏத்துற ப்ரோக்ராம் அதுல ஓடாது, எமுலேட்டர்ல எந்த மாடல் தேர்வாகியிருக்குன்னு பாத்துக்கோங்க.

ரெண்டு மூணு டிஏபியை ஒரே டேப்பா ஒட்ட முடியுமா?

ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா பைட்டை அப்படியே சேர்த்துடுங்க, அவ்வளவுதான், டிஏபிக்கு முகப்பு கிடையாது. பேசிக் லோடர் ஒரு ஃபைல், படம் ஒரு ஃபைல், கோட் ஒரு ஃபைல்னு தனித்தனியா செஞ்சு கடைசில ஒட்டுறது எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை, ஒண்ணை மாத்தினா மத்ததைத் தொட வேண்டாம். வரிசை மட்டும் முக்கியம், லோடர் எதை முதல்ல கேக்குதோ அது முதல்ல.

கேம் லோட் ஆக அஞ்சு நிமிஷம் ஆகுது, வேகமாக்க வழி?

எமுலேட்டர்ல வேக லோட்னு ஒரு செட்டிங் இருக்கும், பேரு மாறும். மெஷினோட ரோம்ல 1366ங்கிற முகவரில டேப் படிக்கிற ரொட்டீன் இருக்கு, மெஷின் அங்க போற நொடில எமுலேட்டர் குறுக்க வந்து பைட்டை எல்லாம் மெமரில நேரா கொட்டிடும். சொந்த லோடர் வச்ச கேம்கள் அந்த முகவரிக்கே போகாது, அதனால அதுக்கு இந்த வித்தை பலிக்காது, மொத்த மெஷினையும் வேகமா ஓட்டுறதுதான் வழி.

ஆனா ஒரு தடவையாவது அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணிட்டு, சத்தத்தை வச்சுக்கிட்டு முழுசா உக்காந்து கேளுங்க. ஹெடருக்கு முன்னாடி 5 நொடி ஒரே தொனி, டேட்டாவுக்கு முன்னாடி 2 நொடி, அதுக்கப்புறம் கரகரப்பு. பூஜ்யத்துக்கான அலை சின்னது, ஒண்ணுக்கான அலை அதைப்போல ரெண்டு மடங்கு நீளம், அதனால என்ன லோட் ஆகுதுங்கிறதப் பொறுத்து நேரமே மாறும். எல்லாமே பூஜ்யமான திரை 27 நொடில வந்துடும், எல்லாமே ஒண்ணா இருந்தா 54 நொடி. படத்துல புள்ளி இல்லாத வெறும் இடம் வரும்போது சத்தம் கீச்சுன்னு மேல ஏறும், கேட்டா தெரியும். படத்தைக் காதால கேக்குறதுன்னா அதுதான்.

டெக்ஸ்ட் ஃபைலை எப்படி அனுப்புறது?

வெறும் பைட்டா, வகை 3, 40,000னு ஏதாவது ஒரு முகவரில. அப்புறம் நாலு வரி பேசிக்ல ஒவ்வொரு பைட்டா பீக் பண்ணி (மெமரில இருந்து எடுத்து) ப்ரிண்ட் பண்ணலாம். வரி முடிவு லினக்ஸ், மேக்ல 10, ஸ்பெக்ட்ரம்ல 13, மாத்தாம அனுப்பினா ஒவ்வொரு வரி கடைசிலயும் கேள்விக்குறி நிக்கும். 96ல பவுண்டு குறி வரும், 94ல மேல் அம்பு. மத்தபடி இங்கிலீஷ் சரியா வரும்.

எமுலேட்டர் உள்ள இருந்து சேவ் பண்ணேன், ஃபைல் எங்க போச்சு?

சேவ் கொடுத்தா "டேப்பை ஓட்டிட்டு ஏதாவது கீயை அழுத்து"ன்னு மெஷின் சொல்லும், அழுத்தினதும் ப்ளாக் பொய் டேப்போட கடைசில சேரும், ஆனா பல எமுலேட்டர்ல அது மெமரில மட்டும்தான் இருக்கு. டேப் மெனுவுல போய் எழுதுன்னு சொன்னாத்தான் உங்க டிஸ்க்ல டிஏபியா வரும். மூடுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சிடுங்க, ரெண்டு மணி நேர வேலை போனா திரும்ப வராது.

நிஜ ஸ்பெக்ட்ரம் கையில இருக்கு, இதே டேப்பை அதுல ஏத்தலாமா?

தாராளமா. டிஏபியை டபிள்யூஏவி சத்த ஃபைல் ஆக்குற டூல்கள் இருக்கு, ஃபோன்ல போட்டு 3.5 மில்லி வயரால இயர் சாக்கெட்ல மாட்டுங்க. சத்தம் முக்கால்வாசிக்கு மேல, ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆஃப், நோட்டிஃபிகேஷனும் ஆஃப், நடுவுல ஒரு டிங் வந்தாலும் போச்சு. எம்பி3 ஆக்காதீங்க, பூஜ்யத்தோட பாதி அலை 44,100 சாம்பிள்ல பதினோரு சாம்பிள் கூட இல்ல, அந்த விளிம்பு கூர்மையா இருக்கணும். நிஜ கேசட் ரெக்கார்டர்ல சேவ் பண்ணும்போது மைக், இயர்னு ரெண்டு வயரையும் சேர்த்து மாட்டி வைக்காதீங்க, ஒண்ணைக் கழட்டிடுங்க.

ரோம், கேம் எல்லாம் யூஸ் பண்றது சட்டப்படி சரியா?

1986ல சின்க்ளேரோட கம்ப்யூட்டர் வியாபாரத்தை ஆம்ஸ்ட்ராட் வாங்குச்சு, 1999ல ஸ்பெக்ட்ரம் ரோமை எமுலேட்டர்களோட தரலாம், காப்பிரைட் எங்களோடதுதான்னு சொல்லிட்டாங்க. கேம்கள் அப்படி இல்ல, ஒவ்வொண்ணுக்கும் உரிமைக்காரங்க தனி, சிலர் தாராளமா விட்டிருக்காங்க, சிலர் கூடாதுன்னிருக்காங்க. நீங்க செஞ்ச டேப் உங்களோடது.

தமிழ்ல ஏதாவது ஏத்த முடியுமா?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு சந்தோஷமா இருக்கும். நேரா யூனிகோட் டெக்ஸ்டை அனுப்பாதீங்க, அ எழுத்து 224, 174, 133னு மூணு பைட், ஸ்பெக்ட்ரம்ல 224ன்னா எல்பிரிண்ட், 174ன்னா வால் டாலர், ரெண்டும் பேசிக் வார்த்தைகள், 133 ஒரு கட்ட உருவம். அ எழுதுனா இந்த மூணும்தான் வரிசையா திரைல வரும்.

ஆனா மெஷின் நமக்குன்னு 21 எழுத்துக்கு இடம் விட்டு வச்சிருக்கு, 48கேல 65,368ல ஆரம்பிக்குது, ஒரு எழுத்துக்கு 8 பைட், மொத்தம் 168. உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் போக எட்டு மிச்சம், ஐ மாதிரி அகலமான எழுத்துக்கு ரெண்டு கட்டம் கேக்கும், அதனால உங்களுக்கு வேணும்ங்கிற வார்த்தைக்கு எந்த எழுத்து வேணும்னு பாத்து எடுத்துக்கோங்க. ட ரொம்ப சுலபம்: 0, 64, 64, 64, 64, 64, 126, 0. இடது பக்கம் ஒரு கோடு, கீழ ஒரு கோடு. அதே 64 எல்லாத்தையும் 66 ஆக்கினா வலது பக்கமும் கோடு ஏறி ப ஆயிடும்.

இந்த 168 பைட்டை மேல சொன்ன மாதிரியே டேப் ஆக்குங்க, ஹெடர்ல நீளம் 168, 0, முகவரி 88, 255, மொத்த ஃபைல் 193 பைட். லோட் பண்ணிட்டு நியூ கட்டளை கொடுத்து ப்ரோக்ராமை அழிச்சாலும் இந்த இடம் அழியாது. அப்புறம் கேப்ஸ் ஷிஃப்ட்டோட 9 அழுத்தினா கர்சர் ஜி ஆகும், முதல் எட்டு பைட்ல ப, அடுத்த எட்டுல ட வச்சிருந்தீங்கன்னா ஏ, பி ரெண்டு கீயையும் தட்டுங்க, கருப்பு எழுத்துல வெள்ளைத் திரைல பட வந்து நிக்கும்.